தில்லிக்கு வந்த தாத்தாவின் துப்பாக்கியும் அதற்குப் பொருந்திய தோட்டாவும்

கோயம்புத்தூரிலிருந்து தில்லிக்குக் குடிபெயர்ந்த முதல் ஆண்டில், மயூர் விஹாரில் வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளி, சமையல் எரிவாயு இணைப்பு என ஒவ்வொன்றாக அமைந்த பிறகும், தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் அவரிடமிருந்து எனக்கும் உரிமத்தோடு வந்து சேர்ந்த துப்பாக்கி மட்டும் இரும்பு அலமாரியில் தோட்டா இல்லாமலே கிடந்தது. பர்மிங்காமில் பி.எஸ்.ஏ. நிறுவனம் செய்த மார்டினி வகை .22 ரைஃபிள் அது; .22 என்பது அங்குலத்தில் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் எண். கீழேயுள்ள நெம்புகோலை இழுத்தால் உள்ளிருக்கும் இரும்புக் கட்டை தாழ்ந்து வாய் திறக்கும். ஒரே ஒரு தோட்டாவைக் கையால் வைத்து மூட வேண்டும்.

ஊரில் அப்பா வழக்கமாகப் போகும் கடைக்காரர் கேட்காமலே சரியான பெட்டியை எடுத்துக் கொடுப்பார். இங்கே தோட்டாவைக் ‘கார்த்தூஸ்’ என்று கேட்க வேண்டும் என்பதிலிருந்தே நான் தொடங்க வேண்டியிருந்தது. முகவரி மாற்றம் உரிமத்தில் பதிவான பின்னும், ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்ற வரம்பு அதிலேயே எழுதியிருப்பதால், பல பெட்டிகளை வாங்கிக் குவித்துச் சோதிக்க வழியில்லை.

துக்ளகாபாத்தில் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக எழுந்த கர்ணி சிங் சுடுதளத்தில், கரோல் பாக்கில் நெடுங்காலமாக வாழும் தஞ்சாவூர்ப் பெரியவர் ஒருவரின் பழக்கம் கிடைத்தது. “தம்பி, தோட்டாவைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள்” என்றார் அவர். .22 என்ற எண் ஒன்றாக இருந்தாலும், 1857இல் வந்த ‘ஷார்ட்’ என்ற தோட்டாவும் 1887இல் வந்த ‘லாங் ரைஃபிள்’ என்ற தோட்டாவும் வேறு வேறு நீளமுடையவை. ஷார்ட்டுக்காகக் குடைந்த அறையில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடத்தில், லாங் ரைஃபிளைத் திணிக்கக் கூடாது. லாங் ரைஃபிள் அறையில் ஷார்ட்டைத் தொடர்ந்து சுட்டால், தோட்டாவின் பித்தளைக் கூட்டின் வாய்க்கு முன்னால் கரியும் ஈயமும் வளையமாகப் படிந்து, பிறகு நீளத் தோட்டா சிக்கிக்கொள்ளும். என் குழலில் லாங் ரைஃபிள் என்றே இருந்தது.

அடுத்து அவர் என்னைத் துப்பாக்கி மிஸ்திரி ஒருவரிடம் அனுப்பினார். இதைத் தவிர்த்துவிட்டு யாரும் பழைய துப்பாக்கியைச் சுடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. இவ்வகைத் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள் இருப்பதால் அங்கே பித்தளை மெல்லியதாகவே இருக்கும். கட்டை தேய்ந்து விளிம்புக்குப் பின்னால் இடைவெளி விழுந்திருந்தால், கூடு பிளந்து சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரலாம். மிஸ்திரி இடைவெளியை அளந்து, தோட்டாவின் விளிம்பைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி தேய்ந்திருந்ததால் அதையும் மாற்றிக் கொடுத்தார்.

எஞ்சியது வேகம். சாதாரண வேகத் தோட்டாவின் 40 கிரெயின் (ஏறத்தாழ 2.6 கிராம்) எடையுள்ள ஈயக் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 330 மீட்டரில், ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழேயே கிளம்புகிறது. அதிவேகத் தோட்டாவில் அது 380 மீட்டரை எட்டினாலும், ஐம்பது மீட்டர் இலக்கை நெருங்கும்போது ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில் குண்டு அலைக்கழிகிறது. பழைய இரும்புக்குக் கூடுதல் அழுத்தத்தையும் கொடுத்து, குறியையும் கெடுத்துக்கொள்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

ஆகவே சாதாரண வேகத்திலேயே இரண்டு தயாரிப்புகளில் ஐம்பது தோட்டா கொண்ட பெட்டி ஒவ்வொன்றை வாங்கினேன். டிசம்பர் காலை, விரல் விறைக்கும் குளிரில், குழலைத் துடைத்து, ஐந்தைந்தாகச் சுட்டேன். விலை கூடிய பெட்டி உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியது; மலிவானது ஒரு பழைய ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடக்கூடிய அளவுக்குள் ஐந்தையும் வைத்தது. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு விருப்பம் உண்டு என்று பெரியவர் சொன்னதை அன்றுதான் கண்ணால் கண்டேன். அந்தத் தயாரிப்பிலும் தொகுதிக்குத் தொகுதி வேறுபாடு இருக்கும் என்பதால், பெட்டியில் அச்சிட்டிருந்த தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் இன்னும் இரண்டு பெட்டிகள் வாங்கி வைத்தேன்.

குளிரில் தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து சற்று மெதுவாக எரிகிறது, குண்டின் மேலுள்ள மெழுகும் இறுகிவிடுகிறது. மே மாத வெயிலிலும் இந்தத் தோட்டா இதே இடத்தில் விழுகிறதா என்று பார்க்க, அவற்றிலிருந்து இருபதைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.