கடைசி ஆறு பேரிங்

மார்ச் 3, திங்கள்

காலையில் கடை திறந்ததும் ராக்கில் 6309 சி3 நம்பர் பேரிங்கை எண்ணினேன். பதினொன்று இருந்தது. பேரிங் வியாபாரத்தில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன், உள் விட்டம் 45 மி.மீ., வெளி விட்டம் 100, தடிமன் 25, பெரும்பாலும் 15 எச்.பி. மோட்டாரில் உட்காரும் சாமான். இதை எடுப்பவர்கள் மூன்று வகை. மோட்டார் தயாரிக்கும் பார்ட்டி மாதாமாதம் மொத்தமாக எடுப்பார், விலையில் கழுத்தை நெரிப்பார். வைண்டிங் கடைக்காரர்கள் ஒன்றிரண்டாக எடுப்பார்கள். மூன்றாவது மில்காரர்கள். எப்போது வருவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது, வந்தால் அந்த நிமிடமே வேண்டும், விலையைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள்.

இன்று மோட்டார் பார்ட்டி நாற்பது கேட்டார். ஐந்து கொடுத்து, மீதி 35-ஐ பெண்டிங்கில் போட்டேன். "ராக்குல இன்னும் ஆறு இருக்கேண்ணா, எடுத்துக் கொடுத்துரட்டுங்களா?" என்று கவுன்டர் தம்பி கேட்டான். அது பிரேக்டவுனுக்கு, அதாவது மிஷின் திடீரென்று நின்று ஓடி வருகிறவருக்கு, தொடாதே என்றேன். கண்ணெதிரே சரக்கை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, பாவம். கோவையில் கவுன்டரில் நிற்பவனுக்குச் சொல்லிக்கொடுக்கக் கஷ்டமான விஷயமே இதுதான்.

மார்ச் 6, வியாழன்

ராத்திரி பத்தரைக்கு போன். அன்னூர் ரோட்டில் ஒரு ஸ்பின்னிங் மில், ஹியூமிடிஃபிகேஷன் ஃபேன் மோட்டார் நின்றுவிட்டது. வெளியே மார்ச் மாத வெயில் காய்ச்சியிருக்க, அந்த ஃபேன் ஓடாவிட்டால் ஹாலில் ஈரப்பதம் இறங்கும், நூல் சடசடவென்று அறுந்துபோக ஆரம்பிக்கும், ஒட்டுகிற ஆட்களுக்குக் கை ஓயாது. ஃபிட்டர் பைக்கிலேயே வந்துவிட்டார். பழைய பேரிங்கை தினத்தாளில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். கிரீஸ் கரியாகி, குண்டுகளைப் பிடித்து வைக்கும் கேஜ் உடைந்து, உள் வளையம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் மாற்றிவிடலாம் என்று இரண்டு எடுத்துக்கொண்டார். மீதி நான்கு.

அந்த மில் வருஷத்துக்கு எங்களிடம் வாங்குவது மோட்டார் பார்ட்டி வாங்குவதில் கால்வாசி கூட வராது. அப்படியிருக்க யார் முக்கியமான பார்ட்டி என்று கணக்குப்பிள்ளை கேட்பார், கேட்கட்டும். நிறைய வாங்குகிறவர் வேறு, இன்றைக்கே இல்லாவிட்டால் நஷ்டப்படுகிறவர் வேறு. மோட்டார் பார்ட்டிக்கு ஒரு வாரம் தள்ளினால் அசெம்பிளியில் வேறு மாடலை முன்னால் எடுத்துக்கொள்வார்.

மார்ச் 11, செவ்வாய்

கணக்குப்பிள்ளை யோசனை சொன்னார். மில்லுக்கு ஒரு ராக், மோட்டார் பார்ட்டிக்கு ஒரு ராக், கவுன்டருக்கு ஒரு ராக் என்று பிரித்து, டேலி கணக்கு சாஃப்ட்வேரிலும் தனித்தனி குடோனாகப் போட்டுவிடலாமாம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு ராக் காலியாகிக் கிடக்கும்போது பக்கத்து ராக்கில் சரக்கு தூங்கும். மூன்றிலும் பற்றாக்குறை வராமல் இருக்க மொத்தத்தில் இப்போது வைத்திருப்பதை விடக் கூடுதலாகப் பணத்தை முடக்க வேண்டும். பொதுவாக ஒரே குவியலாக வைத்து, ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கினால் அவசரக்காரருக்கு மட்டும் என்று சொல்வதுதான் நமக்குக் கட்டுப்படியாகும்.

அந்தக் கோடு ஏன் ஆறில்? விமானக் கம்பெனிக்காரர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், 1972-இல் பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் விமானக் கம்பெனியில் வேலை பார்த்த லிட்டில்வுட் எழுதியது. மலிவு டிக்கெட் கேட்பவர் முதலில் வருவார், முழு விலை கொடுப்பவர் கடைசியில் வருவார், எத்தனை சீட்டைப் பிடித்து வைப்பது என்பது கேள்வி. என் கடைக்கு அதைப் போட்டுப் பார்த்தேன். மோட்டார் பார்ட்டியிடம் ஒரு பேரிங்கில் 50 ரூபாய் லாபம் நிற்கிறது, மில்லிடம் 200, அதாவது நாலு மடங்கு. அப்படியானால் மில் ஆள் வர நாலில் ஒரு வாய்ப்பாவது இருக்கும் வரை அந்தப் பேரிங்கைப் பிடித்து வைக்கலாம். பழைய பில் புத்தகத்தைப் புரட்டினால், இரண்டு லோடுக்கு நடுவே மில்லுக்கு ஆறாவது பேரிங்கும் போன சமயங்கள் ஏறக்குறைய நாலில் ஒன்று. ஏழு போனது அபூர்வம். ஆறு சரிதான்.

எல்லா நம்பருக்கும் இந்த வித்தை வேண்டியதில்லை. 6204, 6205 எல்லாம் பம்ப் சீசனில் பறந்தாலும் கேட்ட மறுநாள் சரக்கு வந்துவிடுகிறது. வர நாளாகும் நம்பர்களுக்கு மட்டும் போதும்.

மார்ச் 14, வெள்ளி

விஷயம் வெளியே கசிந்துவிட்டது. இப்போது வருகிறவர்கள் எல்லோருக்கும் பிரேக்டவுன்! வைண்டிங் கடைக்காரர் ஒருவர் நாலு கேட்டார், நாலும் அவசரமாம். நாலு மோட்டார் ஒரே நாளில் படுக்குமா என்றால் சிரிக்கிறார். அதனால் தம்பிக்கு ஒரு வழி சொல்லியிருக்கிறேன். பிரேக்டவுன் என்றால் பழைய பேரிங்கைக் காட்ட வேண்டும், அதிகபட்சம் இரண்டு, தள்ளுபடி கிடையாது. உண்மையிலேயே மிஷின் நிற்கிறவர் கையில் கிரீஸோடு வருவார், தள்ளுபடி கேட்க நேரமிருக்காது. மத்தியானம் ஒருவர் அப்படி வந்தார், ஒன்று போனது. மீதி மூன்று.

மார்ச் 20, வியாழன்

சென்னையிலிருந்து முப்பது வந்தது. கையில் இருந்ததோடு முப்பத்து மூன்று. பெண்டிங்கில் 35. தம்பி முப்பதையும் அப்படியே பேக் பண்ணப் போனான். காத்திருந்தவருக்கு முதலில் கொடுப்பதுதானே நியாயம் என்கிறான், அவன் பேச்சிலும் ஞாயம் இருக்கிறது. நான் முதலில் அவசரத்துக்கான ஆறை ஒதுக்கிவிட்டு, 27 அனுப்பி, எட்டை பெண்டிங்கிலேயே வைத்தேன். அடுத்த லோடு லாரி ஏறிவிட்டது என்று எல்.ஆர். (லாரி ரசீது) நம்பர் கையில் இருந்திருந்தால் பெண்டிங்குக்கே எல்லாவற்றையும் திறந்துவிட்டிருப்பேன். ஓரிரு நாளைக்கு ஆறு எதற்கு, ஒன்றிரண்டு போதும். தேதி தெரியாதபோதுதான் பிடிவாதம் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 27, வியாழன்

எட்டுக்காக மோட்டார் பார்ட்டியின் பர்ச்சேஸ்காரர் நேரிலேயே வந்து சத்தம் போட்டார். வருஷ முடிவு, அவருக்கும் டிஸ்பாட்ச் நெருக்கடி. டீ சொல்லிவிட்டுப் பேசினேன். மாதம் இருபதாம் தேதிக்குள் அடுத்த மாதத் தேவையை எழுதிக் கொடுங்க, உங்க பேரில் தனி ஆர்டரே போட்டு இறக்கித் தர்றேன், ராக்கில் இருக்கிறதைக் கேட்காதீங்க என்றேன். பீசுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொன்னார். ஒரு ரூபாயில் முடிந்தது. ஏப்ரல் இன்டென்ட், அதாவது தேவைப் பட்டியல், நாளைக்கு அனுப்புகிறாராம், 6309 ஐம்பது, கூடவே 6308 இருபது.