சூடம் அணைத்து வாங்கிய சத்தியம்: நான் புகார் கொடுத்த கதை

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. அதற்குச் சில நாள் முன்பு, பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில், ஒரு கட்சிக்காரர்கள் மகளிர் குழுப் பெண்களை மாரியம்மன் கோவில் வாசலுக்கு வரவழைத்தார்கள். கையில் பணத்தைக் கொடுத்து, தட்டில் எரிந்த சூடத்தை அணைக்கச் சொல்லி, "இந்தச் சின்னத்துக்குத்தான் போடுவேன்" என்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்கினார்கள். என் அம்மாவும் அதில் இருந்தார்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். "சத்தியத்த எப்படிடா திருப்பிக் குடுக்கறது? மாத்திப் போட்டா ஆத்தா சும்மா விடுவாளா? பேரப்பிள்ளைங்க இருக்குதுங்க" என்றார். அவர் முகத்தில் இருந்தது உண்மையான பயம். ஒரு கிழவியின் பக்தியைப் பிடித்து ஓட்டைப் பூட்டுகிறார்களே என்று எனக்கு அடிவயிறு எரிந்தது.

தேர்தல் முறைகேடுகளைப் புகார் செய்வதற்கான, தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியைத் திறந்தேன். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை அதில் ஏற்ற முடியாது. செயலிக்குள்ளேயே அந்த இடத்தில் எடுத்த படமோ, இரண்டு நிமிடத்துக்கு மிகாத வீடியோவோதான் செல்லும். லொகேஷன் ஆனில் இருக்க வேண்டும், எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். பெயர் சொல்லாமலும் அனுப்பலாம், ஆனால் புகார் என்ன ஆனது என்று பிறகு தெரியவராது. மறுநாள் சாயங்காலம் அடுத்த தெருப் பெண்களைக் கூப்பிட்டபோது கிட்டப் போய் எடுத்து, பெயரோடுதான் அனுப்பினேன்.

நூறு நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அவர்கள் கணக்கு. பறக்கும் படை அதற்குள் வந்துவிட்டது. ஆனால் தட்டும் இல்லை, ஆட்களும் இல்லை. பெண்கள் யாரும் வாய் திறக்கவில்லை. சாமி விஷயத்தில் சாட்சி சொல்வதே பாவம் என்று நினைத்தார்கள்.

எழுத்துப் புகார் கொடுக்கலாம் என்று தருமபுரியில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். அவர் 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(2) பிரிவைக் காட்டினார். தெய்வ கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்ப வைப்பதும் முறைகேடான செல்வாக்கு என்று அதிலேயே இருக்கிறது. வேட்பாளரோ அவர் ஏஜெண்டோ செய்தாலும், அவர்கள் சம்மதத்தோடு வேறு யார் செய்தாலும் பொருந்தும். ஜெயித்தவர் தரப்பு என்றால், முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கே போடலாம். அப்போதைய தண்டனைச் சட்டத்தில் 171சி, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 171, இரண்டும் இதைக் குற்றம் என்கின்றன. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது தனி, அது 123(3). அதில் வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் சேரும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகளில் நான்கு பேர் தீர்ப்பளித்தார்கள்.

புகாரைக் கலெக்டர் அலுவலகத் தேர்தல் பிரிவில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கினேன். சாட்சி இல்லாததால் வழக்கு நகரவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அப்புறம்தான் பூசாரியிடம் போனேன். எங்கள் பக்கத்து எந்த அதிகாரியை விடவும் அம்மா அவர் பேச்சைத்தான் கேட்பார். சட்டத்தில் இருப்பதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்தார். வெள்ளிக்கிழமைதான் ஓட்டு, செவ்வாய்க்கிழமை பூசைக்குக் கூடிய பெண்களிடம், "மிரட்டி வாங்கின சத்தியம் ஆத்தாளக் கட்டாது, உங்களயும் கட்டாது. உங்க மனசுக்குப் போடுங்க" என்றார். சூடம் கேட்டு வந்த கட்சிக்காரர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். மீதித் தெருக்களுக்கு அவர்கள் வரவே இல்லை.