காது கேட்காததையும் ‘டவுன்’ கணக்கில் எழுதிவிட்டோம்

என் மகனுக்கு இரண்டரை வயது வரை காது சரியாகக் கேட்கவில்லை. அது எங்களுக்குத் தெரியாது. டவுன் சிண்ட்ரோம் இருப்பது மட்டும் பிறந்த நான்காம் நாளே தெரியும். அது தெரிந்திருந்ததால்தான் இது தெரியாமல் போனது.

குழந்தை மருத்துவர் அவன் உள்ளங்கையை விரித்து, குறுக்கே ஓடிய ஒற்றை ரேகையைப் பார்த்தார். தூக்கினால் துணி போலத் துவண்டான். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் காரியோடைப் ரிப்போர்ட்டில் அவை ஜோடி ஜோடியாக வரிசைகட்டி நின்றன. 21 என்று எண் போட்ட இடத்தில் மட்டும் மூன்று. எல்லோருக்கும் 46, இவனுக்கு 47. நான் செய்த எதனாலோதான் இப்படி ஆனதோ என்று கேட்டேன். கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போதே அந்த ஒரு ஜோடி பிரியாமல் வந்துவிடுகிறது, அம்மா அப்பா செய்ததாலோ செய்யாததாலோ வருவதில்லை என்றார். தாயின் வயது கூடக் கூட வாய்ப்பு கூடும், உண்மைதான். ஆனால் எனக்கு அப்போது 27 வயது. டவுன் உள்ள நூறு பேரில் சுமார் 95 பேருக்கு, இப்படி ஒரு குரோமோசோம் தனியாகக் கூடி வரும் வகைதான். சிலருக்கு 21-ஆம் குரோமோசோம் வேறொன்றோடு ஒட்டிக்கொண்டு வரும். அந்த வகை என்றால் பெற்றோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதனால் ரிப்போர்ட்டில் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் வருடம் எக்கோ, தைராய்டு, பிசியோதெரபி என்று ஓடியது. இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். இவனுக்கு இருந்தது சின்ன ஓட்டை, தானாகவே மூடிக்கொண்டது. 11 மாதத்தில் உட்கார்ந்தான். 26 மாதத்தில் நடந்தான். பேச்சு மட்டும் வரவில்லை.

ஒன்றரை வயதில் டாக்டரிடம் கேட்டேன். “டவுன் குழந்தைங்க லேட்டாத்தான் பேசுவாங்கம்மா.” இரண்டு வயதில் வேறொருவரிடம் கேட்டேன். அதே பதில். அது பொய்யான பதிலும் இல்லை, அதனால்தான் நம்பினோம். பிறந்தவுடன் எடுத்த காது டெஸ்டில் பாஸ் ஆகியிருந்தான். சமையலறையில் மூடி கீழே விழுந்தால் சட்டென்று திரும்புவான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பிடிவாதம் என்றோம், கவனம் போதாது என்றோம். அவனை எத்தனை முறை தோளைப் பிடித்துத் திருப்பியிருப்பேன்!

முதலில் கண்டுபிடித்தவர் ஸ்பீச் தெரபிஸ்ட்தான். பந்து, கார், பொம்மை மூன்றையும் அவன் முன்னால் வைத்தார். ஒரு அட்டையை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில் “பந்து எங்கே?” என்றார். அவன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அட்டையை இறக்கிவிட்டு, குரலை ஏற்றாமல் அதே கேள்வியைக் கேட்டார். பந்தை எடுத்து நீட்டினான். மறுபடி மறைத்து “கார் எங்கே?” என்றார். சும்மா இருந்தான். அதற்குமேல் எனக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் பிள்ளை இத்தனை நாளும் எங்கள் உதட்டைப் பார்த்துத்தான் வாழ்ந்திருக்கிறான்.

ஈ.என்.டி டாக்டர் காதுக்குள் பார்க்கவே சிரமப்பட்டார். டவுன் குழந்தைகளுக்குக் காதுத் துவாரம் மிகக் குறுகல். மைக்ரோஸ்கோப் வைத்து அழுக்கை எடுத்த பிறகுதான் செவிப்பறை தெரிந்தது. செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்க்கும் டிம்பனோகிராமில் மலை போல எழும்ப வேண்டிய கோடு, இரண்டு காதிலும் தட்டையாகப் படுத்திருந்தது. செவிப்பறைக்குப் பின்னால் பசை போல நீர் கட்டியிருக்கிறது என்றார். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் இவர்களுக்குச் சின்னது, தளர்ந்தது, அதனால் வடியாது. தூங்க வைத்து, சத்தத்துக்கு மூளை எப்படிப் பதில் தருகிறது என்று பார்க்கும் பெரா டெஸ்டும் எடுத்தோம். பெரிய சத்தம் கேட்கும், பேச்சு மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது போல இருக்கும். மூடி விழுந்ததற்குத் திரும்பிய பிள்ளை பேருக்குத் திரும்பாததன் காரணம் இதுதான். பிறந்தபோது பாஸ் ஆனதும் பொய்யில்லை, நீர் பிறகு கட்டியிருக்கிறது. அதனால்தான் சின்ன வயதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காது பார்க்க வேண்டுமாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்று மாதம் காத்திருந்தோம், நீர் வற்றவில்லை. ஹியரிங் எய்டு வைக்கலாம், அல்லது செவிப்பறையில் கிரோமெட் என்ற சின்னக் குழாய் பொருத்தலாம் என்றார்கள். கிரோமெட் போட்டோம். அதற்கு முன் ஒன்று முக்கியம். டவுன் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேல்முனையில் உள்ள இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிமானம் தளர்ந்திருக்கும். மயக்க மருந்து கொடுப்பவரிடம், கழுத்தை அதிகமாக வளைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி நானே போய்ப் பேசினேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, நான் சொன்னதை வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

வீட்டுக்கு வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்தேன். அந்தச் சத்தத்துக்கு அழுதான். மறுநாள் காலி வாளிக்குள் தலையை விட்டு “பா” என்றான். தலையை வெளியே எடுத்து என்னைப் பார்த்தான். மறுபடி உள்ளே விட்டு “பா”. அரை மணி நேரம் அந்த வாளியை விடவில்லை.

கிரோமெட்டுக்கு முன்பே சைகை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தோம். ‘இன்னும்’, ‘போதும்’, ‘தண்ணி’, ‘வலிக்குது’. “கை காட்டியே பழகிட்டா வாயைத் திறக்க மாட்டானேம்மா” என்று மாமியார் கவலைப்பட்டார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. நடந்தது வேறு. கடிப்பது நின்றது. கடித்ததெல்லாம் சொல்ல முடியாத கோபம் என்பது அப்போதுதான் புரிந்தது. 14 சைகை பழகிய பிறகு முதல் சொல் வந்தது. ஒரு சொல் தெளிவாக வந்ததும் அதற்கான சைகையை அவனே விட்டுவிட்டான். காதால் கேட்டு மனதில் வைத்துக்கொள்வதைவிடக் கண்ணால் பார்த்துப் படிப்பது இவர்களில் பலருக்கு எளிது. எழுத்து அட்டைகள் பேச்சுக்கே உதவின.

இப்போது ஏழு வயது. கிரோமெட் தானாக விழுந்து, இன்னொரு முறை போட்டாயிற்று. நாலு சொல் வைத்துப் பேசுகிறான். வெளியாட்களுக்குப் பாதிதான் புரியும். காது முன்பே கேட்டிருந்தாலும் மெதுவாகத்தான் பேசியிருப்பான், தெரியும். ஆனாலும் அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

இதே விஷயம் டவுன் இல்லாத குழந்தைக்கு இருந்தால் என்ன செய்வீர்கள் என்பதைத்தான் இப்போது எந்த டாக்டரிடமும் கேட்கிறேன். சோர்வாக இருக்கிறான் என்றால் அது தைராய்டாக இருக்கலாம். நடை திடீரென்று மாறினால், பிடிமானம் தளர்ந்திருக்கக்கூடிய அந்தக் கழுத்து எலும்புகளைப் பார்க்க வேண்டும்.

சில மாதங்களாக இரவில் உட்கார்ந்தபடி முன்னால் குனிந்து தூங்குகிறான். குறட்டை விடுவான், நடுவே மூச்சு நின்று திணறி எழுவான். “இவங்க அப்படித்தான் தூங்குவாங்க” என்றார் ஒருவர். என் கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் ரிப்போர்ட்டுகளைப் புரட்டியவர், தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். நேற்று இரவு தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டிக்கொண்டு படுத்தான். ஒவ்வொன்றையும் தொட்டு “இது என்ன?” என்று கேட்டான். நர்ஸ் வாயை மூடி முகக்கவசம் போட்டிருந்தார். அவர் சொன்ன பதில் ஒவ்வொன்றும் அவனுக்குக் கேட்டது. ரிப்போர்ட் அடுத்த வாரம் வரும்.