நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்த மாலை

சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டில், களப்பணி ரெக்கார்டுக்காக ஏதாவது ஒரு சுய உதவிக் குழுவை நேரில் பார்த்து எழுத வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் மகளிர் குழுக்களை எடுத்துக்கொண்டார்கள். நான் ஏ.ஏ. என்று எழுதிக் கொடுத்தேன், அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் குழு. பாடத்தில் அரைப் பக்கம் வரும். தேர்வுக்குப் படித்ததோடு சரி.

குழுவுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் முதலில் கேட்டது, "உங்களுக்கா, வீட்டுல யாருக்காவதா?" இரண்டும் இல்லை, மாணவன் என்றேன். லேசாகச் சிரித்தார். "அப்போ ஓப்பன் மீட்டிங்குக்கு வாங்க தம்பி. க்ளோஸ்டு மீட்டிங் குடியை நிறுத்தணும்னு நினைக்கிறவங்களுக்கு மட்டும்தான்." நான் கிழமையைச் சரியாகக் குறித்துக்கொள்ளாமல் க்ளோஸ்டு மீட்டிங் அன்று போய் நின்றேன். வாசலிலேயே, மரியாதையாகத்தான், திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரெக்கார்டு வைக்கப் பத்து நாள்தான் இருந்தது. எரிச்சலோடு பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் ஒரு வழியாக உள்ளே போனேன். சென்னையில் ஒரு தேவாலய வளாகத்துக்குள், குழந்தைகளுக்கு ஞாயிறு வகுப்பு நடக்கும் அறை. சுவரில் கிரேயானில் வரைந்த நோவாவின் பேழை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஃபிளாஸ்க்கில் டீ. கூட்டம் மாலை 7 மணிக்கு. ஏன் இந்த நேரம் என்று டீ ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "டாஸ்மாக் மூட பத்து மணி ஆகும். வேலை முடிஞ்சு கால் தானா அந்தப் பக்கம் திரும்புற நேரம் இது. அப்போ வேற எங்கயாவது உட்காரணுமில்ல?" என்றார். டீ பாயசம் மாதிரி இனித்தது.

நோட்டைத் திறந்ததுமே நடத்துபவர் பார்த்துவிட்டார். "பையில வச்சிடுங்க தம்பி. இங்க கேட்டது இங்கயே." சரி என்று வைத்துவிட்டேன். பேனா இல்லாமல் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

ஒவ்வொருவராக "என் பெயர் இன்னார், நான் ஒரு குடிநோயாளி" என்றார்கள். மற்றவர்கள் சேர்ந்து வணக்கம் சொன்னார்கள். ஊர் சொல்லும் 'குடிகாரன்' அந்த அறையில் ஒரு தடவைகூட வரவில்லை. என் முறை வந்தது. பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் வாக்கியம் ஓடவில்லை. "நான்... சும்மா பார்க்க வந்தேன்" என்றேன். அதற்கும் அதே வணக்கம்தான்.

குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளை வாசித்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குச் சலிப்பாக இருந்தது. கடவுள், கடவுள் என்று வந்துகொண்டே இருந்தது. நான் பெரியார் படம் மாட்டிய வீட்டில் வளர்ந்தவன்.

பிறகு பகிர்தல். யார் என்ன சொன்னார்கள் என்பதை எழுத மாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லலாம். மறுபடி சறுக்கிவிட்டதாக ஒருவர் பேசினார். கவுன்சலிங் வகுப்பில் படித்ததெல்லாம் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அங்கே குறுக்கே யாரும் பேசுவதில்லை, அறிவுரையும் கிடையாது. "நன்றி, தொடர்ந்து வாங்க" என்றார் நடத்துபவர். அடுத்தவர் ஆரம்பித்துவிட்டார். இவ்வளவுதானா என்று கோபம்கூட வந்தது. கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் அவர் பக்கத்தில் போய் நின்று, சாப்பிட்டாரா என்று கேட்டார்கள். ஒருவர் தன் போன் நம்பரை எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தார். என் வகுப்பு நோட்டில் இதற்கு ஒரு தலைப்பு இருக்கும். நினைவுக்கு வரவில்லை.

நடுவே காணிக்கைப் பை சுற்றி வந்தது. ஐம்பது ரூபாய் போட்டேன். பக்கத்திலிருந்தவர் அதை எடுத்து என் கையிலேயே திருப்பி வைத்தார். வெளியாள் பணத்தை வாங்குவதில்லையாம். உறுப்பினர்கள் போடுவதில்தான் டீயும் வாடகையும்.

நாற்காலிகளை அடுக்கும்போது ஒரு பெரியவரிடம் கடவுள் விஷயத்தைக் கேட்டேவிட்டேன். "நான் நம்புற மாதிரிதான் நீங்களும் நம்பணும்னு இதுல எங்கயும் இல்லை தம்பி. எனக்குப் பல வருஷம் இந்தக் கூட்டம்தான் சாமி" என்றார். 1935-இல் அமெரிக்காவில் அக்ரான் என்ற ஊரில் இது தொடங்கிய கதையையும் சொன்னார். பங்குச் சந்தையில் வேலை பார்த்த ஒருவர், ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர், இருவருமே குடியில் விழுந்தவர்கள். "வெளியூர் வந்த இடத்துல முதல் ஆளுக்குக் குடிக்கணும்னு தோணிடுச்சு. பாருக்குப் போகாம, பேசறதுக்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். டாக்டரைத் திருத்தவா தேடினார்? தான் குடிக்காம இருக்கத் தேடினார்." பாடப் புத்தகத்தின் அரைப் பக்கத்தில் அந்த வருஷம் இருந்தது, இந்தத் தேடல் இல்லை.

எட்டரைக்குக் கிளம்பினோம். பஸ் நிறுத்தத்துக்கு நேராகப் போனால் நாலே நிமிடம். நான் அந்தப் பக்கம் திரும்பியபோது பெரியவர், "அந்த வழியில கடை இருக்கு, நாங்க இப்படிச் சுத்திப் போவோம்" என்றார். சறுக்கியதாகச் சொன்னவரும் அவர்களோடு நின்றுகொண்டிருந்தார். எனக்கு ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இருந்தாலும் பெட்ரோல் பங்க் வழியாக அவர்களோடு சுற்றிக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் மழை வருமா வராதா என்பதே பேச்சு.