அங்கீகார எண்ணும் ஆடிக் காற்றும்

காற்றில் உள்ள நுண்துகளை அளக்கும் கருவி வாங்குவதற்கான ஒப்பந்தப்புள்ளி எதை எடுத்துப் பார்த்தாலும், ‘அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அங்கீகாரம் பெற்றதாக இருத்தல் வேண்டும்’ என்ற வரி பெரும்பாலும் இருக்கும். பாளையங்கோட்டையில் ஒரு காற்றுத்தர ஆய்வுக்கூடத்தில் நெடுநாள் வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்த வரியை எழுதுகிறவர்களோடும் அதற்கு விலை கொடுக்க வருகிறவர்களோடும் எனக்குப் பழக்கம் உண்டு. இரு தரப்பாரும் அங்கீகாரத்தை நகையில் குத்தும் ஹால்மார்க் முத்திரையாக எண்ணுகிறார்கள். ஒருமுறை விழுந்துவிட்டால், பிறகு அந்த நகை எந்த ஊருக்குப் போனாலும் மாற்றுக் குறையாது என்பது அவர்கள் கணக்கு. நுண்துகள் கருவிக்கு அந்தக் கணக்கு செல்லாது. இன்ன உள்ளிழுப்புத் தலை, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் காற்று, இன்ன வெப்பமூட்டி, இன்ன மென்பொருள் பதிப்பு என்று எழுதப்பட்ட ஓர் அளவிடும் முறைக்குத்தான் அமெரிக்க முகமை எண் கொடுத்து அறிவிக்கிறது. அவற்றில் ஒன்றை மாற்றினால் எதிரே நிற்பது அதே பெயர் பொறித்த பெட்டிதான், ஆனால் அந்த எண் அதற்குரியதாக இருக்காது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். சல்ஃபர் டை ஆக்சைடை அளக்கும் கருவியைச் சோதிக்க வேண்டுமென்றால், செறிவு தெரிந்த வாயு அடைத்த சிலிண்டரை இணைத்து, திரையில் அந்த எண் வருகிறதா என்று பார்த்துவிடலாம். தூசிக்கு அப்படி ஒரு சிலிண்டர் கிடையாது. ஒரு கன மீட்டரில் மிகச் சரியாக 60 மைக்ரோகிராம் நுண்துகள் மிதக்கும் காற்றை அடைத்து ஊர் ஊராக எடுத்துச் செல்ல முடியாது. அதோடு, 2.5 மைக்ரோமீட்டர் வரையிலான நுண்துகளைக் குறிக்கும் பி.எம். 2.5 என்பதே கத்தியால் வெட்டினாற்போன்ற எல்லை அன்று. தலைப்பகுதியின் வழியாகக் காற்று வளைந்து செல்லும்போது, 2.5 மைக்ரோமீட்டர் காற்றியக்க விட்டமுள்ள துகள்களில் பாதி உள்ளே போய்ப் பாதி விலக்கப்படும். அதைவிடப் பெரியவற்றில் சில உள்ளே நுழையும், சிறியவற்றில் சில வெளியே நின்றுவிடும். ஆகவே, எந்த வடிவமுள்ள தலை எவ்வளவு காற்றை இழுத்து எந்த வடிதாளில் சேர்க்கிறதோ, அதில் சேர்ந்ததற்குத்தான் பி.எம். 2.5 என்று பெயர். அளக்கப்படும் பொருளையே அளக்கும் முறை வரையறுக்கும்போது, அந்த முறையை அரசு எழுதி வைத்துக் காவல் காப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அமெரிக்காவில் பி.எம். 2.5 தர அளவு முதன்முதலாக வந்த 1997இல், மற்ற முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாகிய மேற்கோள் முறையும் கூடவே வந்தது. நிமிடத்துக்கு 16.67 லிட்டர், அதாவது மணிக்கு ஒரு கன மீட்டர் காற்று, 24 மணி நேரம், டெஃப்லான் வடிதாள், முன்னும் பின்னும் எடை. சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் ஒரு நாளில் அந்தத் தாள் வழியாகப் போவது 24 கன மீட்டர். நம் நாட்டின் 24 மணி நேர வரம்பாகிய 60 மைக்ரோகிராமைக் காற்று எட்டிய நாளில்கூட, தாளில் சேர்வது 1.44 மில்லிகிராம் மட்டுமே. அந்த எடையைத்தான் நாங்கள் பிடிக்க வேண்டும். மைக்ரோகிராம் வரை காட்டும் தராசின் தட்டில் இடுக்கியால் தாளை வைத்தவுடன் கடைசி இரண்டு இலக்கங்கள் மெல்ல ஏறிக்கொண்டே போனால், தாளில் நிலைமின்னூட்டம் இருக்கிறது என்று பொருள். அதை நீக்கிவிட்டு மறுபடியும் வைக்க வேண்டும். எடை போடுவதற்கு முன் தாள் 20 முதல் 23 டிகிரி வெப்பத்திலும் 30 முதல் 40 விழுக்காடு ஈரப்பதத்திலும் குறைந்தது 24 மணி நேரம் கிடந்து பதப்பட வேண்டும் என்பது அமெரிக்க விதி. கத்திரி வெயிலிலும் கார்த்திகை மழையிலும் பாளையங்கோட்டையில் ஓர் அறையை அந்த நிலையில் வைத்திருப்பது என்ன பாடு என்பதை விதி எழுதியவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் போய் அறை வெதுவெதுப்பாகிவிட்டால் பதப்படுத்தும் நேரத்தை முதலிலிருந்து எண்ணத் தொடங்குவோம். அறிக்கை கேட்டுத் தொலைபேசியில் பேசுகிறவர், ‘மெஷின்தான் அப்ரூவ் ஆனதாச்சே சார், இன்னும் எதுக்குத் தாமசம்?’ என்று கேட்பார். அவர் கேட்ட மெஷின் வெளியே மொட்டை மாடியில் இருக்கிறது. முறையின் மறுபாதி இந்த அறைக்குள் இருக்கிறது.

எழுதி வைத்த முறையும் எல்லாத் தட்பவெப்பத்துக்கும் பொருந்திவிடுவதில்லை. மேற்கோள் முறையில் பெரிய துகள்களைப் பிரிக்கும் பகுதியில் ஒரு சிறு தாளின் மேல் எண்ணெய் விட்டு வைப்பார்கள். மோதும் துகள் துள்ளிப் போகாமல் அதில் ஒட்டிக்கொள்ளும். அந்த எண்ணெய் கடுங்குளிரில் படிகமாகிவிடுகிறது என்று பிறகு தெரிந்து, வேறோர் எண்ணெயையும் அனுமதித்தார்கள். எண்ணெயே தேவைப்படாத சுழல் பிரிப்பானும் பின்னர் ஏற்கப்பட்டது. நமக்குக் குளிரால் வரும் தொல்லை இல்லை. வெயிலால் வருவதுதான். அமோனியம் நைட்ரேட் போன்றவை சூட்டில் தாளை விட்டு ஆவியாகிப் போய்விடும் என்பதால், எடுத்த தாளைக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே போட்டுக்கொண்டு ராதாபுரத்திலிருந்து வருவது கூடாது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும்.

எடை போடும் வேலையே இல்லாமல் மணிக்கு மணி எண் தரும் தானியங்கிக் கருவிகளுக்கு வேறு வகை அங்கீகாரம். மேற்கோள் முறைக் கருவிகள் மூன்றையும் புதிய கருவிகள் மூன்றையும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, நாள்தோறும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றுபோல் ஏறி இறங்குகின்றனவா என்று பார்ப்பார்கள். எந்த ஊரில் நிறுத்துவது என்பதையும் விதியே சொல்லுகிறது. நைட்ரேட் மிகுந்த கலிஃபோர்னியப் பகுதி ஒன்று. குளிரும் உயரமும் புழுதியும் உள்ள, டென்வர் அல்லது சால்ட் லேக் சிட்டி போன்ற மேற்கு நகரம் ஒன்று. நடுமேற்கு நகரம் ஒன்று. சல்ஃபேட்டும் ஈரப்பதமும் மிகுந்த வடகிழக்கு நகரம் ஒன்று. அந்த நாட்டுக் காற்றுக்கு அது மிகவும் யோசித்துச் செய்த தேர்வு என்றே சொல்வேன். ஐரோப்பியர் தங்கள் ஊர்களில் தங்கள் முறைப்படி ஒப்பிட்டு, வரம்பு அளவில் நிச்சயமின்மை 25 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். பிரிட்டனில் ஒரு காலத்தில் பரவலாக இருந்த, துகள் சேரச் சேர அலைவு குறைவதை வைத்து எடை அறியும் அலைவுறும் நுண்தராசுக் கருவி, உள்ளே வரும் காற்றை 50 டிகிரிக்குச் சூடாக்கியதால் ஆவியாகக்கூடிய துகள்களை இழந்து குறைவாகக் காட்டியது. அதன் எண்களை 1.3ஆல் பெருக்கி ஈடுகட்டினார்கள். அந்த ஊர்க் காற்றுக்கு அந்த 1.3 பொருந்தியிருக்கலாம். அதை எடுத்து நம் காற்றில் பெருக்கினால் என்ன வரும்?

தூத்துக்குடிக் கரையில் காற்றில் மிதப்பது கடலுப்பு. அனல் மின் நிலையத்துச் சாம்பலும் லாரிப் புகையும் அதோடு சேர்ந்தே வரும். சாதாரண உப்பு, ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் காற்றின் நீரை உறிஞ்சிக் கரைசல் துளியாகிவிடும். அந்தத் துளி உலர்ந்த துகளைவிடப் பெரியது, கனமானது. பீட்டா கதிரைக் கொண்டு தாளில் சேர்ந்த பொருளை அளக்கும் கருவியில் வெப்பமூட்டி ஒழுங்காக வேலை செய்யாவிட்டால், விடியற்காலையில் அது தூசியோடு தண்ணீரையும் சேர்த்து அளக்கும். ஒளிச்சிதறல் கொண்டு அளக்கும் மலிவான உணர்கருவிகளின் நிலை இன்னும் மோசம். உப்பளப் பக்கத்து அதிகாலை எண்களைப் பார்த்தால் ஊரே புகையில் மூழ்கியதாக நினைக்கத் தோன்றும், வெயில் ஏறியதும் எண்ணும் தானாக இறங்கிவிடும்.

எனக்கு அதிகம் யோசனை கொடுத்தது உப்பன்று, காற்று. பணகுடியிலிருந்து ராதாபுரம் வரை காற்றாலைகள் நிற்கிற பூமி அது. ஆனி பிறந்ததிலிருந்து ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று அங்கே நின்று பேசவிடாது. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மண் அதில் எழும்பும். அந்த வட்டாரத்தில் கல்குவாரிகளும் ஜல்லி உடைக்கும் ஆலைகளும் உண்டு. அவற்றுக்கு எல்லையோரக் காற்றின் தரம் அளந்து கொடுப்பது எங்கள் வேலை. 10 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்களாகிய பி.எம். 10ஐப் பிரித்தெடுக்கும் தலைப்பகுதியை அமெரிக்க விதிப்படி காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிக்கும் வேகங்கள் மூன்று: மணிக்கு 2, 8, 24 கிலோமீட்டர். அந்த வேகங்களில் தலை 10 மைக்ரோமீட்டருக்கு அரை மைக்ரோமீட்டர் முன்பின்னாகப் பாதிக்குப் பாதி பிரிக்க வேண்டும். காற்றாலையின் இறக்கை முழுத்திறனில் சுழல வினாடிக்குப் பன்னிரண்டு மீட்டர் வாக்கில் வேகம் வேண்டும். அது மணிக்கு 43 கிலோமீட்டர். காற்றாலை நிற்கிற உயரத்தில் உள்ள வேகம் தரையருகே இருக்காது என்பது உண்மைதான். ஆனாலும் ஆடி மாதப் பிற்பகலில் எங்கள் வேகமானி 24ஐத் தாண்டி நிற்பது அங்கே புதுமை இல்லை. அப்போது தலையின் இடைவெளிகளில் எவ்வளவு பெரிய மண் துகள் நுழைகிறது என்பதற்கு அங்கீகாரச் சான்றிதழ் எந்த உறுதியும் தருவதில்லை. அது சோதிக்காத வேகம் அது.

அந்தப் பக்கத்தில் ஒரு குவாரிக் காவலாளி, என்னைவிட மூத்தவர், ஒரு நாள் காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது கருவியின் தலையைச் சாக்கால் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். ‘என்ன அண்ணாச்சி இது?’ என்றேன். ‘ராத்திரி ஒரே மண்ணா வீசுச்சு சார். மிஷினுக்குள்ள மண்ணு போயிரக் கூடாதுன்னுதான் கட்டுனேன்’ என்றார். அவர் நல்ல எண்ணத்தில் செய்த வேலை அது. அன்றைய தாளை ஒதுக்கிவிட்டு மறுநாள் மாதிரி எடுத்தோம். அதற்குப் பிறகு கருவியை நிறுத்திவிட்டு வரும் இடத்தில் இருப்பவரிடம், அது மண்ணை உள்ளே வாங்கத்தான் நிற்கிறது என்று விளக்கிச் சொல்வதை வேலையின் ஒரு பகுதியாகவே ஆக்கிக்கொண்டோம்.

நம் நாட்டில் 2009 நவம்பர் 18 அன்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்த தேசியக் காற்றுத்தர அளவுகளில் பி.எம். 10க்கும் பி.எம். 2.5க்கும் எடையறி முறை, அலைவுறும் நுண்தராசு, பீட்டா கதிர்த் தேய்வு ஆகிய மூன்றும் ஏற்கப்பட்டுள்ளன. ஐ.எஸ். 5182 என்ற இந்தியத் தர விதியின் 23ஆம் பாகம் பி.எம். 10க்கும் 24ஆம் பாகம் பி.எம். 2.5க்கும் எடையறி முறையை வகுத்துத் தருகின்றன. ஆனால் சந்தைக்கு வரும் கருவியை நிறுத்திச் சோதித்துச் சான்றளிக்கும் பொறுப்பு இந்த நாட்டில் யாருக்கு என்பது நெடுங்காலம் தெளிவாக இல்லை. 2019 ஆகஸ்டில்தான் புது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்திடம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தது. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்வேன்: தில்லியின் மார்கழிப் புகையில் தேறிய கருவி தூத்துக்குடியின் உப்புக் காற்றிலும் தேறும் என்று அனுமானித்துவிடக் கூடாது, ஒப்பிட்டுச் சோதிக்கும் இடங்களில் ஒன்றாவது தெற்குக் கடற்கரையில் இருக்க வேண்டும். அமெரிக்கர் தங்கள் நாட்டுக்குள்ளேயே நான்கு வகைக் காற்றைத் தேடிப் போனதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதுதான், அவர்கள் கொடுத்த எண்ணை அன்று.

சான்றிதழைப் படிப்பதிலும் ஒரு முறை உண்டு. கருவி விற்க வந்த ஒருவர் கொடுத்த கோப்பில் அங்கீகார எண் பெரிய எழுத்தில் இருந்தது. அந்த எண்ணின் நடுவில் உள்ள நான்கு இலக்கங்கள் அங்கீகரித்த மாதத்தையும் ஆண்டையும் குறிக்கும். அதை வைத்து அறிவிப்பின் முழு வாசகத்தை எடுத்துப் பார்த்தபோது, பி.எம். 10 தலைக்குக் கீழே கூர்மையாகப் பிரிக்கும் சுழல் பிரிப்பான் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்றும் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் வெப்பமூட்டி இயங்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. விலைப்பட்டியலில் சுழல் பிரிப்பான் வேறு வகை. வெப்பமூட்டி ‘விருப்பத் துணைக்கருவி’ என்று தனி விலையில் இருந்தது. ‘எல்லாரும் இப்படித்தான் சார் வாங்குறாங்க’ என்றார் வந்தவர். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம். குழுவில் இருந்த மூத்த அதிகாரி, அறிவிப்பில் உள்ள ஒவ்வொரு உறுப்பையும் விலைப்பட்டியலில் வரிக்கு வரி ஒப்பிட்டுக் கொடுக்கச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்தில் எந்தக் கருவியை வாங்கினாலும் அந்த ஒப்பீட்டுப் பட்டியல் இல்லாமல் கோப்பு நகராது. ஓராண்டு கழித்து மென்பொருளை மேம்படுத்த ஆள் வரும்போதும் அதே பட்டியலை எடுத்துக்கொண்டுதான் அவர் பக்கத்தில் உட்காருவோம்.

ராதாபுரம் பக்கத்து அறிக்கைகளில் துகள் அளவுக்கு அடுத்த கட்டத்தில் அந்த 24 மணி நேரத்தின் சராசரிக் காற்று வேகத்தையும் உச்ச வேகத்தையும் எழுதுவது எங்கள் வழக்கம். உச்சம் 24 கிலோமீட்டரைத் தாண்டிய நாள்களுக்கு, தலைப்பகுதி சோதிக்கப்பட்ட வேகத்துக்கு அப்பால் எடுத்த மாதிரி என்று அடியில் ஒரு வரி சேர்ப்போம். குவாரிக்காரர்களுக்கு அந்த வரி பிடிக்கும். எண் கூடியதற்குக் காற்றின் மேல் பழியைப் போட்டுவிடலாமே. அதே குவாரிக்கு எதிராக மனு எழுதும் ஊர்க்காரர்களுக்கு அது அறவே பிடிக்காது. இரண்டு தரப்பாரும் தனித்தனியாக வந்து பேசிப் போயிருக்கிறார்கள், ஒருவர் வரியைப் பெரிதாக்கச் சொல்லியும் மற்றவர் எடுத்துவிடச் சொல்லியும். ஆடியில் எடுத்த எண்ணோடு காற்று அடங்கிய மாசியில் அதே இடத்தில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்துக் கொடுக்கிறோம். வரி இருந்த இடத்தில் இருந்த அளவிலேயே இருக்கிறது.