வரிசையில் கடைசியாக நின்றவள்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜெபத்துக்காக ஒரு வரிசை நிற்கும். பரீட்சை, வேலை, அறுவை சிகிச்சை, வீட்டில் சமாதானம் இல்லை என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சபையின் போதகராக நான் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்புவேன். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு ஞாயிறு, கண்ணை மூடியபடியே அடுத்த தலையில் கைவைத்தேன். தலை ரொம்பத் தாழ்வாக இருந்தது. "என்ன விண்ணப்பம்மா?" என்று வழக்கமான குரலில் கேட்டேன்.

"ஒண்ணும் இல்லப்பா. சும்மா வந்தேன்."

என் மகள். அப்போது அவளுக்கு ஆறு வயது. முக்கால் மணி நேரம் அந்த வரிசையில் பொறுமையாக நகர்ந்து வந்திருக்கிறாள். அவளுக்காக ஜெபித்தேன், ஆனால் வார்த்தை வரவில்லை. சபையார் யாரைவிடவும் அதிகம் காத்திருந்தவள் அவள்தான் என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று இரவு நாட்குறிப்பை எடுத்து, முந்தைய நான்கு வாரங்களில் பிள்ளைகள் தூங்குவதற்கு முன்னால் எத்தனை மாலை வீட்டில் இருந்தேன் என்று எண்ணினேன். மூன்று. அந்த மூன்றிலும் ஒன்றில் போனில்தான் இருந்தேன் என்று மனைவி நினைவுபடுத்தினாள். குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. அவள் சொன்னது உண்மை, அவ்வளவுதான்.

போதகரின் வேலையில் நேரம் குறைவு என்று பலரும் நினைக்கிறார்கள். நேரம் இருக்கிறது, அது பிள்ளைகளின் நேரத்தோடு பொருந்தாது என்பதுதான் சிக்கல். விசுவாசிகள் வேலை முடிந்து வீடு திரும்பும் மாலையில்தான் வீடு சந்திப்பு, வேதபாடம், சபையை நடத்த உதவும் மூப்பர்களின் கூட்டம் எல்லாம் வைக்க முடியும். பிள்ளைகளும் அதே மாலையில்தான் வீட்டில் இருப்பார்கள். எனக்கு ஓய்வு நாள் திங்கள். அன்று மகளுக்குப் பள்ளி. அவளுக்குப் பள்ளி இல்லாத சனி, ஞாயிறு எனக்கு வாரத்திலேயே கனமான நாட்கள். கிறிஸ்துமஸ், பரிசுத்த வாரம் வந்தால் கேட்கவே வேண்டாம். ஊரெல்லாம் விடுமுறையில் இருக்கும்போது போதகரின் வீட்டில் மட்டும் அப்பா இருக்கமாட்டார். இது சோம்பலாலோ அன்பில்லாமையாலோ வருவதில்லை. வேலையின் அமைப்பே அப்படி. இதைப் புரிந்துகொள்ளாமல் வெறுமனே "இனி அதிகமாக வீட்டில் இருப்பேன்" என்று நான் எடுத்த தீர்மானங்கள் எதுவும் இரண்டு வாரம் தாண்டவில்லை.

ஊழியர் கூட்டங்களில் இந்த விஷயம் வந்தால் ஏலியின் கதையைத்தான் எடுப்பார்கள். பிள்ளைகளை அடக்காத ஆசாரியன், அழிந்துபோன வீடு. தன் வீட்டை நடத்த அறியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்கிற 1 தீமோத்தேயு 3:5-ம் உடனே வரும். வசனம் வசனம்தான், அதில் எனக்குக் கேள்வி இல்லை. ஆனால் ஏலியின் மகன்கள் வளர்ந்த ஆண்கள். மூன்று வயதுப் பையனையும் ஆறு வயதுப் பெண்ணையும் வைத்திருக்கிற ஒரு இளம் போதகரை அந்தக் கதையால் பயமுறுத்தி அனுப்பினால், அவர் பிள்ளைகளோடு விளையாடமாட்டார்; சபையார் முன்னால் பிள்ளைகள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் அப்படித்தான் இருந்தேன்.

எனக்கு உதவியது வேதாகமத்தின் யாத்திராகமம் 18-ம் அதிகாரம். வேலையைப் பகிர்ந்து கொடுப்பதைப் பற்றிப் பேச அந்த அதிகாரத்தைப் பலமுறை எடுத்திருக்கிறேன். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைக்கச் சொல்லி மோசேக்கு அவருடைய மாமனார் எத்திரோ கொடுத்த ஆலோசனை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதிகாரம் தொடங்குவது எப்படி? திருப்பி அனுப்பப்பட்டிருந்த மோசேயின் மனைவி சிப்போராளையும், கெர்சோம், எலியேசர் என்ற இரண்டு பையன்களையும் எத்திரோ கூட்டிக்கொண்டு வருகிறார். மோசே வெளியே வந்து மாமனை வணங்கி, முத்தமிட்டு, நலம் விசாரிக்கிறார். பையன்களிடம் என்ன பேசினார் என்று ஒரு வரியும் இல்லை. மறுநாளே காலையிலிருந்து மாலை வரை ஜனங்களுக்கு நியாயம் விசாரிக்க உட்கார்ந்துவிடுகிறார். அதைப் பார்த்துத்தான் "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்கிறார் எத்திரோ. மோசேயும் ஜனங்களும் சோர்ந்துபோவார்கள் என்றுதான் அவர் காரணம் சொல்கிறார். பேரப்பிள்ளைகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்த தாத்தா அவர். அந்த வார்த்தைக்குப் பின்னால் அவர்களும் நிற்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

இதை அப்படியே மூப்பர்கள் முன்னால் வைத்தேன். நாட்குறிப்பில் எண்ணிய கணக்கையும் காட்டினேன். பயந்துகொண்டேதான் போனேன். ஆனால் மூத்தவர் ஒருவர், "ஐயா, எங்க பிள்ளைங்க சின்னவங்களா இருந்தப்ப இருந்த பாஸ்டரை நாங்க ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடுவோம். அவர் வீட்லயும் பிள்ளைங்க இருந்தாங்கன்னு இப்பதான் நினைச்சுப் பாக்குறேன்" என்றார்.

அதற்கப்புறம் சிலவற்றை மாற்றினோம். பிரசங்கத் தயாரிப்பு சனிக்கிழமையை விட்டு வியாழன் மதியத்துக்கு நகர்ந்தது. மகள் பள்ளியில் இருக்கும் நேரம் அது. இதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது, ஏனென்றால் சனி இரவுப் பதற்றத்தில்தான் எனக்கு நன்றாக எழுத வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வயதானவர்களையும் வீட்டிலேயே இருக்கும் நோயாளிகளையும் பகலில் சந்திக்கிறேன். மாலைச் சந்திப்பு வாரத்தில் இரண்டு நாள்தான். மற்ற மாலைகளில் ஆறிலிருந்து எட்டரை வரை சபை போன் மூப்பர்களிடம் முறைவைத்து இருக்கும். மரணம், விபத்து, மருத்துவமனை என்றால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுவார்கள், நான் போவேன். அதில் பேச்சே இல்லை. துக்க வீட்டில் போய், நேற்று என் ஓய்வு நாள் என்று எந்தப் போதகரும் சொல்லக்கூடாது. ஆனால் முதல் மாதம் அந்த நேரத்தில் வந்த அழைப்புகளை மூப்பர் குறித்து வைத்திருந்தார். பெரும்பாலானவை மறுநாள் காலை பேசினால் போதுமானவை. அவசரம் என்று நான் இத்தனை நாள் ஓடியதில் பாதி, என்னைத் தேடுகிறார்கள் என்கிற நிறைவுக்காகத்தான் என்று அப்போது தெரிந்தது. அதற்காகத் தேவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. முன்போல் பாஸ்டர் வருவதில்லை என்று ஒரு குடும்பம் வருத்தப்பட்டது. அவர்கள் வருத்தமும் நியாயம்தான். நேரில் போய் உட்கார்ந்து பேசினேன். மாற்றிய பிறகும் தவறிய நாட்கள் உண்டு. பையனின் நான்காவது பிறந்தநாள் மாலை ஒரு அடக்க ஆராதனையில் இருந்தேன். வீடு வந்தபோது தூங்கியிருந்தான். ஆனால் அடுத்த நாள் மாலை நான் இருப்பேன் என்று அவனுக்குத் தெரியும். எழுந்ததும் என்னிடம் வந்து, "இன்னைக்கு சாயங்காலம்தானே?" என்று மட்டும் கேட்டான். சரி என்று தலையாட்டினேன். மாலை முழுவதும் தரையில் படுத்து அவனோடு ரயில் ஓட்டினோம்.

டிசம்பருக்கான பட்டியலை அடுத்த வாரம் மூப்பர்களோடு உட்கார்ந்து போட வேண்டும். பவனி, ஞாயிறு பள்ளி நிகழ்ச்சி, நள்ளிரவு ஆராதனை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. இந்த முறை பள்ளி விடுமுறையில் நான்கு மாலைகளை முதலில் வீட்டுக்கென்று ஒதுக்கிவிட்டேன். எந்த நான்கு என்று மகளும் மகனும்தான் தேதி பார்த்துச் சொன்னார்கள்.