வயிற்றை எக்காதீங்க அக்கா

குன்னூரில் என் பயிற்சிக் கூடத்துக்கு வருகிறவர்களிடம் "வயிற்றை இறுக்குங்க" என்று சொன்னால் போதும், பெரும்பாலானோர் தொப்புளை உள்ளே இழுத்து, நெஞ்சைத் தூக்கி, மூச்சையும் நிறுத்திவிடுவார்கள். அப்படியே டம்பெல்லைத் தூக்கினால் இடுப்பு வளைந்துவிடும். பிசியோதெரபிஸ்டாக என் நேரத்தில் பெரும்பகுதி இந்த ஒரு இறுக்கத்தைச் சரிசெய்வதிலேயே போகிறது.

மேலே மூச்சை இழுக்கும் உதரவிதானத் தசை, கீழே இடுப்புத்தளத் தசைகள், சுற்றிலும் வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகள், பின்னால் முதுகெலும்பை ஒட்டி ஓடும் சிறு தசைகள். இவை எல்லாம் சேர்ந்து இறுகினால்தான் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி முதுகுத்தண்டு உறுதியாக நிற்கும். தொப்புளை உள்ளிழுக்கும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. முதுகுவலி உள்ளவர்கள் கையைத் தூக்கும்போது வயிற்றின் ஆழத்தில் இருக்கும் குறுக்குத் தசை தாமதமாக வேலை செய்வதை 1996இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும் காட்டினார்கள். அதன்பிறகு அந்தத் தசையைத் தனியாகப் பழக்கும் பயிற்சிகள் பரவின. 2007இல் கனடாவின் கிரெனியரும் மெக்கில்லும் தொப்புளை உள்ளிழுப்பதையும் வயிற்றைச் சுற்றிலும் இறுக்குவதையும் ஒப்பிட்டார்கள். அவர்களுடைய மாதிரிக் கணக்கில், சுற்றிலும் இறுக்கும்போது முதுகின் உறுதி, உள்ளிழுக்கும்போது இருப்பதைவிட 32 சதவீதம் கூடுதலாக இருந்தது. நான் மெக்கில் பக்கம்.

மலையில் இதைச் சொல்லிக்கொடுக்க ஸ்வெட்டர் ஒரு தடை. பனிக்காலக் காலையில் இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு சால்வை. வயிறு என்ன செய்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் கையைத்தான் நம்புகிறேன். விலா எலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும் பிடிக்கச் சொல்வேன், கட்டைவிரல் முதுகுப் பக்கம். "லேசா இருமுங்க." எல்லா விரலுக்கும் அடியில் ஒரே நேரத்தில் ஒரு தள்ளல் தெரியும். "இப்ப இருமாம அதையே வரவைங்க."

தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவுக்கு இதிலும் பிடிபடவில்லை. செடியின் ஈரம் படாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்கை எடுத்துவரச் சொன்னேன். வேலைக்குக் கிளம்பும்போது கட்டுவது போலவே கட்டினார். "சுத்திலும் ஒரே மாதிரி தள்ளுங்கம்மா." முதலில் முன்பக்கம் மட்டும் புடைத்தது. பிறகு பக்கவாட்டில் துணி விறைத்தது. கடைசியாக முதுகுப் பக்கமும் இறுகியபோது, "அட, பின்னாடியும் வயிறு இருக்கா கண்ணு?" என்றார். இவ்வளவு தெளிவாக நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. அந்த இறுக்கத்தை விடாமல் பேசவைத்தேன்: பச்சை இலை கிலோ என்ன விலை, பேத்தி எந்த வகுப்பு. பேச முடிந்தால் மூச்சு ஓடுகிறது. குரல் நெரிந்தால் இறுக்கம் அதிகம்.

கேத்திப் பக்கம் கேரட் மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர், "நாங்க தம் கட்டித்தான் தூக்குவோம் மேடம்" என்றார். கனமான பாரத்துக்கு அது தவறில்லை. பளுதூக்கும் வீரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் தம் கட்டினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். 1985இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உடற்கட்டு வீரர்கள் இரண்டு காலாலும் பாரம் தள்ளும்போது அளந்ததில் சராசரியே 320/250 வரை போனது. இவருக்கோ பிபி உண்டு. தவிர, இவருக்கு இடுப்பு பிடித்தது மூட்டை தூக்கும்போது இல்லை, சாயங்காலம் குனிந்து கம்பூட்ஸைக் கழற்றும்போது. மூட்டை என்றால் உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. கம்பூட்ஸை அது கணக்கிலேயே எடுப்பதில்லை. அதனால் பத்துக்கு எவ்வளவு என்று அளவு பழக்கினேன்: கம்பூட்ஸுக்கு ஒன்று, சுமையோடு படி இறங்க இரண்டு மூன்று, மூட்டைக்கு ஏழு. ஒன்றைப் பிடிப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

பெண்களிடம் நான் முதலில் தனியாகக் கேட்பது ஒன்று உண்டு: இருமும்போது, சிரிக்கும்போது சிறுநீர் கசிகிறதா? பிள்ளை பெற்ற பலருக்கு இருக்கிறது. வயசானால் அப்படித்தான் என்று வாய் திறப்பதில்லை. இவர்கள் முக்கி, அழுத்தத்தைக் கீழே தள்ளினால் கசிவு கூடும். மூச்சை வெளியே விட்டபடி, சிறுநீரை அடக்குவது போல் இடுப்புத்தளத் தசையை மேலே தூக்கிவிட்டு, அதன்பிறகு வயிற்றை மெல்ல இறுக்கச் சொல்கிறேன். கூச்சப்பட்டு இதைக் கேட்காமலே, முழங்கையை ஊன்றி உடம்பை நேராகத் தாங்கும் பிளாங்க் போடவைக்கும் பயிற்சியாளர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

இறுக்கவே கூடாதவர்களும் வருகிறார்கள். டிஸ்க் தொந்தரவிலிருந்து தேறிய ஓர் ஆசிரியை, மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில் வகுப்பில் நின்றாலும் பஸ்ஸில் உட்கார்ந்தாலும் வயிற்றை விறைப்பாகவே வைத்திருந்தார். முதுகு எந்நேரமும் கடுத்தது. அவருக்கு முதல் பாடமே தளர்த்துவதுதான்: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கை வயிற்றில், மூச்சு அதன் போக்கில். இப்போது மல்லாந்தபடி எதிரெதிர் கையையும் காலையும் நீட்டும் பயிற்சிக்கு வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் பாதம் தரையில் பட்டதும் முழுதாக விட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை. வலது காலில் விட்டுவிடுகிறார். இடது காலுக்கு இன்னும் பயம் போகவில்லை. அடுத்த வாரமும் இதையே செய்யப்போகிறோம்.